கோபுரம் ஏன் பின்னால் சாய்கிறது?

பிப்ரவரி 3, மாலை: கேள்வி

அடுத்த மாதம் இரண்டு வாரப் பயணம் கிளம்புகிறேன். பார்க்கப் போவது பெரும்பாலும் பழைய கட்டடங்கள்தான். இதுவரை நான் எடுத்த படங்களில் கோபுரமானாலும் மாடிக் கட்டடமானாலும் மேலே போகப் போகக் குறுகி, மல்லாந்து விழப் போவது போலவே வருகிறது. ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே கீழே நகர்த்தக்கூடியது) இல்லாமல் கட்டடப் படம் எடுப்பது வீண் வேலை என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? என்னிடம் இருப்பது சாதாரண கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அப்புறம் கைபேசி.

பிப்ரவரி 3, இரவு: பதில்

உண்மை இல்லை. இந்தப் பயணத்துக்கு அதை வாங்காதீர்கள்.

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால்தான் கோபுரம் சாய்கிறது. உள்ளே இருக்கும் சென்சாரும் கட்டடத்தின் சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்வரை, நேர்க்குத்தான கோடுகள் நேர்க்குத்தாகவே பதியும். உச்சி தெரியவில்லையே என்று கேமராவை மேலே தூக்கியதும் அந்த இணை கெட்டுவிடுகிறது. சென்சாரின் கணக்கில் அடி கிட்டத்திலும் உச்சி தூரத்திலும் போய்விடும். தூரத்தில் இருப்பது சிறுக்கும். தண்டவாளங்கள் தொலைவில் ஒன்று சேர்வதுபோலத் தெரிகிறதே, அதே கணக்குதான்.

ஆகவே கேமராவை மட்டமாகப் பிடியுங்கள். உடனே இரண்டு தொல்லை வரும்: படத்தின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை, மேலே கோபுரத்தின் தலை காணாமல் போயிருக்கும். பின்னால் நடங்கள், தெருவின் மறுமுனை வரைக்கும். இடமில்லையா, எதிரே ஏறக்கூடிய படிக்கட்டோ மாடியோ இருக்கிறதா என்று பாருங்கள். கட்டடத்தின் பாதி உயரத்துக்கு ஏற முடிந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டும் வாய்க்காவிட்டால் லென்ஸை 18-இல், அதாவது அதன் மிக அகலக் கோணத்தில் வைத்து, கேமராவை நெடுக்காகத் திருப்பி, மட்டமாக எடுத்துவிட்டு, தரையை அப்புறம் வெட்டிவிடுங்கள். 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டினாலும் 12 மிஞ்சும். சுவரில் மாட்டும் அளவு அச்சுக்கு அது போதும்.

பிப்ரவரி 4, காலை

விட்டுப்போனது: திரையில் கட்டக்கோடுகளையும் மட்டம் காட்டும் கோட்டையும் இன்றே போட்டு வையுங்கள். கேமராவிலும் இருக்கும், கைபேசியிலும் இருக்கும். நான் பல வருடம் கண்ணை நம்பினேன். கண் ஒன்றரை டிகிரி சாய்வைக் கண்டுகொள்வதே இல்லை. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்க்கும்போதுதான் அது உறுத்துகிறது.

பிப்ரவரி 5

"அப்படியானால் ஷிஃப்ட் லென்ஸ் ஏமாற்றா?" என்று ஒருவர் கேட்கிறார். இல்லவே இல்லை. அருமையான கருவி அது.

பழைய பெட்டிக் கேமராக்களில் முன்பலகையை மேலே நகர்த்த முடியும். கேமரா மட்டமாகவே இருக்க, லென்ஸ் மட்டும் மேலே போய் கோபுரத்தின் உச்சியை உள்ளே கொண்டுவரும். அந்த வசதியைச் சின்னக் கேமராவுக்குக் கொண்டுவந்தது நிக்கானின் 35 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ், 1962-இல். கேனான் 2009-இல் 17 மி.மீ. ஒன்றை வெளியிட்டது. 12 மி.மீ. வரை மேலேயோ கீழேயோ நகர்த்தலாம், எடை 820 கிராம். குவியத்தைக் கையால்தான் திருப்பி வைக்க வேண்டும்.

ஒரு பயணத்துக்கு 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனேன். ஒன்பது நாள். எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டும் அளவுக்குக் குறுகலான சந்துகளில் அது செய்ததை வேறு எதுவும் செய்திருக்காது. உள்கூடங்களிலும் அப்படியே. ஆனால் நான்காம் நாள் மாலை ஒரு முகப்பின் முன்னால் நின்று திருகைத் திருகி, மட்டம் பார்த்து, மறுபடி திருகிக் கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கல்லின் மேல் இருந்த வெயில் போய்விட்டிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா அந்த வெயில், மொத்தம் பத்து நிமிடம். அந்தப் படம் என்னிடம் இல்லை. கோடுகள் நேராக இருக்கும், சாம்பல் பூத்த முகப்பு ஒன்று இருக்கிறது.

கட்டடத்துக்காக மட்டுமே, கால அவகாசத்தோடு, மூன்று கால் தாங்கியோடு போகிறவர் வாங்கலாம். கூட ஆட்கள் காத்திருக்க, நடந்துகொண்டே எடுப்பவருக்கு அது சுமை.

பிப்ரவரி 6

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். "லென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்ற தொனியில் எழுதிவிட்டேன். மூன்று வேறு சங்கதிகளை எல்லோருமே கலந்துவிடுகிறோம், நானும் கலந்துவிட்டேன்.

கோடுகள் மேலே குவிவது, கேமரா அண்ணாந்ததால். நேரான சுவர் பீப்பாய் மாதிரி வெளியே புடைப்பது, அது உண்மையிலேயே லென்ஸின் குறை. இப்போதைய கேமராக்களும் மென்பொருள்களும் பெரும்பாலும் தாமாகவே அதைச் சரிசெய்துவிடுகின்றன. மூன்றாவது, மிக அகலக் கோணத்தில் ஓரத்தில் இருப்பதெல்லாம் இழுபட்டு நீள்வது. கைபேசியின் 0.5 என்ற மிக அகல லென்ஸில் ஓரத்தில் நிற்கிறவர் முகம் அகன்று போவது இதனால்தான். கேமராவை மட்டமாகப் பிடித்தாலும் இது போகாது. உருண்டையான தூண், கலசம், வட்டச் சாளரம் ஆகியவற்றை ஓரத்தில் வைக்காதீர்கள், முட்டையாகிவிடும். அவற்றை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

பிப்ரவரி 8

லென்ஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் உண்மையில் சொல்ல நினைத்தது வேறு, முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்: கிளம்பும் முன் அந்தக் கட்டடம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கோர் வாட்டுக்கு எல்லோரையும் போல நானும் விடிகாலை இருட்டில் போனேன். வடக்குக் குளத்தின் கரையில் ஐந்து ஆறு வரிசையாக ஆட்கள், எல்லோர் கையிலும் கேமரா. சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழுந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோபுரங்கள் வெறும் கறுப்பு நிழலுரு. 12-ஆம் நூற்றாண்டில் அவ்வளவு பேர் உட்கார்ந்து செதுக்கிய கல்லில் ஒரு கோடுகூடப் படத்தில் இல்லை. அந்தக் கோயில் மேற்கு நோக்கியது. விடியலில் அதன் முகத்தில் வெளிச்சமே விழாது. மதியம் அறையில் படுத்திருக்கும்போதுதான் இது உறைத்தது. நாலரை மணிக்குத் திரும்பிப் போனேன். குளக்கரையில் இடம் தாராளமாக இருந்தது. முகப்பு முழுக்கத் தேன் நிறம். தூணுக்குத் தூண் நிழல் விழுந்து, ஒவ்வொரு படியும் தனித்தனியாக எழுந்து நின்றது. பயணத்தில் எடுத்த ஆயிரத்துச் சொச்சம் படங்களில் எனக்குப் பிடித்தவை அந்த ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தவை.

அன்றிலிருந்து வரைபடத்தில் வாசல் திசையைப் பார்க்காமல் கிளம்புவதில்லை. ஐரோப்பாவின் பழைய பேராலயங்கள் பெரும்பாலும் பலிபீடம் கிழக்கே, பெருவாயில் மேற்கே என்று அமைந்தவை. காலையில் போனால் முகப்பு நிழலில் இருக்கும், பின்மாலையில் ஒளிரும். தாஜ் மஹாலைத் தோட்டத்திலிருந்து பார்க்கிறவர் வடக்கு நோக்கி நிற்கிறார். அதிகாலையும் மாலையும் பக்கத்திலிருந்து வரும் வெயில்தான் அந்தச் சலவைக்கல்லின் வளைவுகளைத் திரட்டிக் காட்டும். பார்சிலோனாவின் சக்ராதா பமீலியா தேவாலயத்தில் காலையில் கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலமும் பச்சையுமாக வழியும், மாலையில் மேற்குப் பக்கம் ஆரஞ்சும் சிவப்புமாக. ஒரே கூடம், ஒரே நாள், இரண்டு வேறு படங்கள்.

கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் ஊரில் வடக்கு பார்த்த முகப்பா? கோடையில் விடிகாலையிலும் அந்தியிலும் சாய்ந்து கொஞ்சம் வெயில் விழும், மற்றபடி கிடையாது. மேகமூட்டமான நாளை அதற்கு ஒதுக்குங்கள், அல்லது சூரியன் மறைந்தபின் விளக்கு ஏற்றும் நேரத்தை. மகர ரேகைக்குத் தெற்கே தெற்கு முகப்புக்கு இதே கதை.

கலிபோர்னியாவில் லூயிஸ் கான் வடிவமைத்த சால்க் ஆய்வுக்கூடம் (1965) இருக்கிறது. முற்றத்தின் நடுவே ஒரு மெல்லிய நீரோடை, கடலை நோக்கி. பகலும் இரவும் சமமாகும் நாட்களில் அந்த ஓடையின் நேர்கோட்டிலேயே சூரியன் இறங்குகிறது. அங்கே போகிறவர் கையில் இருக்க வேண்டியது நாள்காட்டி.

பிப்ரவரி 9

"இரண்டு வாரத்தில் ஆறு ஊர், எங்கே போய் வெயிலுக்குக் காத்திருப்பது?" நியாயமான கேள்வி. எல்லாவற்றுக்கும் காத்திருக்க முடியாது. ஊருக்கு ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மட்டும் இரண்டு முறை போங்கள். மற்றவற்றைக் கிடைத்த வெளிச்சத்தில் எடுங்கள். முதல் முறை போகும்போது கேமராவைப் பையிலேயே வைத்துக் கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், பின்பக்கமும் சேர்த்து. பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 11

கூட்டத்தை எப்படி விலக்குவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

1838-இல் பாரிஸில் தன் சன்னலிலிருந்து, புகைப்படக்கலையின் முன்னோடி டாகர் ஒரு தெருவைப் படம் பிடித்தார். நடமாட்டம் மிகுந்த பெருந்தெரு. படத்திலோ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளி பதியப் பல நிமிடம் ஆனதால் வண்டிகளும் நடப்பவர்களும் தடமே இல்லாமல் அழிந்து போனார்கள். ஓர் ஓரத்தில் காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

அதே வித்தை இன்றும் செல்லும். லென்ஸுக்கு முன்னால் ஒளியைக் குறைக்கும் கறுப்பு வடிகட்டி போட்டு ஒன்றிரண்டு நிமிடம் திறந்து வைத்தால் நடப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். தாங்கி கட்டாயம். வடிகட்டி இல்லையென்றால், கேமராவை அசைக்காமல் பத்துப் பதினைந்து வினாடிக்கு ஒன்றாக இருபது படம் எடுங்கள். மென்பொருளில் அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் இடைநிலை மதிப்பை எடுக்கச் சொன்னால் நகர்ந்தவை மறைந்து நிலையானவை மட்டும் மிஞ்சும். உட்கார்ந்து இளைப்பாறுகிறவர் மட்டும் மறையமாட்டார், டாகரின் ஆள் போல.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதை இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்களை ஏன் விலக்க வேண்டும்?

ரோமின் பழங்கோயிலான பாந்தியனின் குவிமாடக் கூரையின் விட்டம் 43 மீட்டருக்கு மேல். உச்சியில் திறந்த வட்டம், சுமார் 9 மீட்டர். நான் எடுத்த ஆளில்லாத படத்தைப் பார்த்த நண்பர், "ஏதாவது மாதிரி வடிவமா?" என்று கேட்டார். தரையில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்து நிற்கும் படத்தைக் காட்டியதும் அப்படியே அமைதியாகிவிட்டார். அளவு தெரிய மனித உருவம் வேண்டும்.

கட்டடப் புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸ் குன்றின் மேல் நிற்கும் கண்ணாடி வீட்டை எடுத்தபோது, அறைக்குள் இரண்டு பெண்களை உட்கார வைத்தார். கீழே நகரத்தின் விளக்குகளுக்காகப் பல நிமிடம் திறந்து வைத்து, பிறகு உள்ளே ஒரு நொடி ஃப்ளாஷ். அந்தப் பெண்கள் இல்லாமல் அந்த வீட்டை நினைத்துப் பார்க்க எனக்கு முடியவில்லை.

ஆக, ஐம்பது பேர் வேண்டாம். ஒருவரோ இருவரோ போதும். நல்ல இடத்தில் கேமராவை வைத்துக்கொண்டு, சரியான ஆள் சரியான படியில் கால் வைக்கும்வரை காத்திருங்கள். இதற்கு நான் நாற்பது நிமிடம் வரை நின்றிருக்கிறேன்.

பிப்ரவரி 15

மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கோடுகள் நிமிர்ந்துவிடுமே, எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்கிறார்கள்.

நிமிரும். அதற்காக அது படத்தின் மேல்பகுதியை இழுத்து அகலமாக்குகிறது. இரு ஓரங்களும் ஆப்பு வடிவத்தில் வெட்டுப்படும். ஆகவே அப்படிச் செய்யப் போகிறீர்கள் என்றால் எடுக்கும்போதே சுற்றிலும் தாராளமாக இடம் விடுங்கள். இன்னொன்று, கட்டடத்தின் உயரமும் அகலமும் உள்ள விகிதம் மாறிவிடும். நிமிர்த்திய பிறகு ஒரு வட்டச் சாளரமோ கடிகார முகமோ இன்னும் வட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உயரத்தை இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது இரண்டாவது யோசனை, முதல் நாள் நான் சொன்னதற்கே எதிராக. எல்லாக் கோட்டையும் நிமிர்த்தக் கூடாது. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து எடுத்த கோபுரத்தை முழுக்க நிமிர்த்தினால் அது தலை பெருத்து மேலே முட்டுகிற மாதிரி ஆகிவிடும். நம் கண்ணே அண்ணாந்து பார்க்கும்போது கொஞ்சம் குவிவை எதிர்பார்க்கிறது. கொஞ்சம் சாய்வை விட்டுவைப்பது நல்லது.

அப்புறம், சில கட்டடங்கள் பிறந்ததிலிருந்தே நேரானவை அல்ல. ஏதென்ஸின் பழங்கோயிலான பார்த்தினானில் தூண்கள் எல்லாம் உட்பக்கம் மெல்லச் சாய்ந்தவை, மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடப் பருத்தவை, அடித்தளம் நடுவில் மேலே புடைத்தது. நீளப் பக்கத்தில் அந்தப் புடைப்பு சுமார் 11 செ.மீ., அகலப் பக்கத்தில் சுமார் 6 செ.மீ. கி.மு. 447-இல் தொடங்கியவர்கள் இதைத் தெரிந்தே செய்தார்கள். தூணை அளவுகோலாக வைத்து மென்பொருளில் "சரி" செய்தால், அந்தச் சிற்பிகள் செய்ததை நாம் அழிக்கிறோம். பைசா கோபுரத்தைத் தானியங்கித் திருத்தத்துக்குக் கொடுத்துப் பார்த்தேன். கோபுரம் நிமிர்ந்துவிட்டது, பக்கத்துப் பேராலயம் சரிந்துவிட்டது! 2001-இல் முடிந்த பணியில் பொறியாளர்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டு ஐந்தரை டிகிரிச் சாய்வை நான்காகக் குறைத்தார்கள். மென்பொருளுக்கு ஒரு நொடி.

பிப்ரவரி 17

அனுமதி பற்றி. சுருக்கமாக.

மூன்று கால் தாங்கியைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள். தாஜ் மஹாலில் கூடாது. பிரதான கல்லறை அறைக்குள் படமே எடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஓர் அருங்காட்சியகத்தில் என் சின்னத் தாங்கியை வாசலில் வாங்கி வைத்தார்கள். திரும்பக் கேட்டபோது அது இல்லை. அன்று முதல் தூண், கைப்பிடிச் சுவர், பையின் மேல் கேமராவை வைத்து இரண்டு வினாடித் தாமதத்தில் அழுத்துகிறேன். அதில் பாதி இரவுப் படங்கள் தேறிவிடும்.

ஈஃபில் கோபுரம் 1889-இல் எழுந்தது. அதன் வடிவத்துக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. இரவு விளக்கலங்காரத்துக்கு மட்டும் தனியாகப் பதிப்புரிமை இருக்கிறது. சொந்தத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம், விற்பனைக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்த அனுமதி வேண்டும். பிரான்சில் 2016 முதல் பொது இடத்துக் கட்டடங்களைத் தனிநபர்கள் வணிக நோக்கமின்றி வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனியில் தெருவில் நின்று எடுத்த முகப்பை விற்கவும் செய்யலாம். நாட்டுக்கு நாடு மாறும். படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் முன்பே பாருங்கள்.

பிப்ரவரி 18

உள்கூடங்கள்: சன்னலின் வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்தால் சுவர் கரி, சுவரின் வெளிச்சத்துக்கு ஏற்ப எடுத்தால் சன்னல் வெள்ளைத் தாள். ஒரே சட்டத்தில் குறைவு, சரி, அதிகம் என மூன்று அளவு வெளிச்சத்தில் எடுத்து இணையுங்கள். கைபேசி இதைத் தானாகவே செய்கிறது, ஆனால் நிழலே இல்லாமல் எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாக்கிவிடுகிறது. இருட்டை இருட்டாக விடுங்கள். பாந்தியனுக்குள் வெளிச்சம் வருவது அந்த ஒரு வட்டத்திலிருந்தும் வாசலிலிருந்தும்தான். இருள் சூழ்ந்திருப்பதால்தான் சுவரில் ஊரும் அந்த வெயில் வட்டத்தின் மேல் கண் போகிறது.

பிப்ரவரி 22

ஒருவர் நல்ல வழி சொன்னார்: கேமராவை மட்டமாக வைத்து வரிசையாகப் பல படம் எடுத்து ஒட்டுவது. அகல லென்ஸ் தேவையில்லை. நானும் செய்கிறேன், படத்துக்குப் படம் மூன்றில் ஒரு பங்கு மேற்படியுமாறு.

இது புதிய தந்திரம் இல்லை. 1851-இல் பிரெஞ்சு அரசு நாட்டின் பழஞ்சின்னங்களைப் பதிவு செய்ய ஐந்து புகைப்படக்காரர்களை அனுப்பியது. அவர்களில் ஒருவரான பால்டுஸ், ஆர்ல் நகரத்து மடத்தின் தாழ்வாரம் ஒரே நெகடிவில் அடங்காததால், பல நெகடிவ்களை வெட்டி ஒட்டி ஒரே படமாக்கினார். 1858-இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். கிட்டத்தட்ட 6 மீட்டர் நீளம். விமானத்தின் அழகை எடுக்க வந்தவர் அடியில் இருக்கும் எழுத்துக்கு அவ்வளவு உழைத்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ செய்கிறது.

பிப்ரவரி 24

ட்ரைப் பற்றி எழுதியதும் என் பழைய கோப்புகளைத் திறந்தேன். தீ விபத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸின் நோத்ர் டாமில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். மேற்கு முகப்பு 63 படங்கள். 2019 ஏப்ரல் 15-ஆம் தேதி எரிந்து விழுந்த அந்த ஊசிக் கோபுரம் எத்தனை படத்தில் இருக்கிறது? இரண்டில். இரண்டிலும் ஓரத்தில், பாதி மரத்துக்குப் பின்னால். அதன் அடியில் நின்ற செப்புச் சிலைகளைத் தீக்குச் சில நாள் முன்புதான் பழுதுபார்க்க இறக்கியிருந்தார்கள், அவை தப்பின. பேராலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது, கோபுரமும் எழுந்துவிட்டது. ஆனாலும் நான் பார்த்த அந்தப் பழைய மரமும் ஈயத்தகடும் போனது போனதுதான்.

சாரம் கட்டியிருந்தால் ஏமாற்றத்தோடு திரும்பிவிடாதீர்கள் என்று எழுத நினைத்தேன், வேறெங்கோ போய்விட்டேன். சாரத்தோடும் எடுங்கள். வேலை செய்கிற ஆளின் கை, புதுக் கல்லும் பழைய கல்லும் சேரும் இடம், கீல், நிலைப்படி, தேய்ந்த படிக்கட்டு எல்லாவற்றையும் எடுங்கள். முகப்புப் படம் ஆயிரம் பேரிடம் இருக்கும்.

மார்ச் 1

கேள்வி கேட்டவர் நாளை மறுநாள் கிளம்புகிறாராம். "கடைசியாக என்ன எடுத்துப் போக?"

18-55 போதும். கூடுதல் மின்கலம் ஒன்று, கூடுதல் நினைவக அட்டை ஒன்று, லென்ஸ் துடைக்க மென்துணி. ஆறு கட்டடங்களின் பெயரையும் வாசல் திசையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலை வரைபடத்தில் பார்த்துவிட்டேன்: முதல் ஊரில் இருப்பது கிழக்கு வாசல். போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, சூரியன் எதிர்வரிசைக் கூரையைத் தாண்டுவதற்குக் கால் மணி நேரம் முன்பே அங்கே நில்லுங்கள். வெயில் முதலில் உச்சியில் விழுந்து கீழே இறங்கும், நிலைப்படியைத் தொடுவதற்குள் பாதிப் படங்கள் எடுத்துவிடலாம். பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.